12 எழுத்து பாஸ்வேர்டு, 13 பைட் ஃபைல்

மன்னார்குடியில் எங்கள் லாரி புக்கிங் மென்பொருளை ஒரு குடோன் சிஸ்டத்தோடு இணைத்தபோது மூன்று நாள் வீணானது. குறுவை நெல் ஏற்றும் நேரம் வேறு. பாஸ்வேர்டு கோடுக்குள் இருக்கக் கூடாதென்று தனி ஃபைலுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து 401 பிழை, அதாவது 'உள்ளே விட முடியாது' என்ற சர்வரின் பதில். கையால் அடித்தால் உள்ளே போகிறது! சர்வர் கடிகாரத்தைப் பார்த்தேன், பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றினேன், பலனில்லை.

அப்புறம்தான் ஃபைல் அளவு கண்ணில் பட்டது. பாஸ்வேர்டு 12 எழுத்து, எழுத்துக்கு ஒரு பைட்; ஃபைலோ 13 பைட். ஃபைலில் எழுதப் பயன்படுத்திய 'எக்கோ' கட்டளை கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்திருந்தது. புதுவரி சேர்க்காத 'பிரிண்ட்எஃப்' வைத்து எழுதினேன். 12 பைட், உடனே டோக்கன் (உள்ளே போக சர்வர் தரும் அனுமதிச் சீட்டு) வந்தது. அப்பாடா!

சரி, கட்டளையில் அடித்த பாஸ்வேர்டு ஷெல் ஹிஸ்டரியில் (அடித்த கட்டளைகளின் பட்டியலில்) கிடக்குமே? அதை அழித்து, புதிய பாஸ்வேர்டை அடிப்பதைத் திரையில் காட்டாத 'ரீட் -எஸ்' வழியாக வாங்கி, ஃபைல் அனுமதியை 600 ஆக்கினேன், அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்.