பழைய ஐபிஎம் கீபோர்டில் அந்த ‘டக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஐபிஎம்மின் மாடல் எம் கீபோர்டு ஒன்றைச் சுத்தம் செய்து கீகளைத் திரும்ப மாட்டினேன். ‘ஜி’ மட்டும் ஊமையாகிவிட்டது. அழுத்தினால் இறங்குகிறது, ஆனால் ‘டக்’ இல்லை, திரையில் எழுத்தும் இல்லை. இரண்டு மாலை மல்லுக்கட்டிய பிறகுதான் உள்ளே நடப்பது புரிந்தது.

கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலான மாடல் எம்-களில் ஒரு கீ என்பது இரண்டு துண்டு: எழுத்து அச்சான மேல்மூடி, அதற்கடியில் ஒரு தண்டு. மூடியை எடுக்கக் கம்பி வைத்த கழற்றிதான் என் தேர்வு. பிளாஸ்டிக் வளையக் கழற்றி கீயின் ஓரத்தைக் கீறிவிடும். அப்புறம் தண்டையும் நேராக மேலே இழுங்கள்.

இப்போது குழிக்குள் ஒரு ஸ்பிரிங் நின்றுகொண்டிருக்கும். அதன் அடி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டோடு சேர்ந்திருக்கிறது. அதைச் சுத்தியல் என்பார்கள். சீசா பலகை போல ஆடக்கூடியது.

பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை இரண்டு விரல்களுக்கிடையே நேராக அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் எதிர்த்து நிற்கும், பிறகு சட்டென்று ஒரு பக்கமாக வளைந்துவிடும். கீக்குள் நடப்பதும் இதுதான். தண்டு இறங்க இறங்க ஸ்பிரிங் சுருங்குகிறது, ஒரு கட்டத்தில் தாங்காமல் வளைகிறது. அந்த வளைவு சுத்தியலைச் சாய்க்கிறது, சுத்தியல் கீழே இருக்கும் மெம்பிரேன் தாள்களை, அதாவது மின்தடம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை, அழுத்தி இணைப்பைக் கொடுக்கிறது. வளைந்த ஸ்பிரிங் குழியின் சுவரில் அடிபடுவதுதான் நமக்குக் கேட்கும் ‘டக்’.

அதாவது சத்தமும் எழுத்தும் ஒரே அசைவிலிருந்து பிறக்கின்றன. செர்ரி நிறுவனத்தின் ‘எம்எக்ஸ் நீலம்’ என்ற கீ ஸ்விட்சில் அப்படியில்லை. அங்கே சத்தம் போட ஒரு தனித் துண்டு, இணைப்புக்குத் தனியாக உலோகத் தகடுகள். எனக்கு ஐபிஎம் முறைதான் பிடிக்கும், காதை நம்பியே பழுது பார்க்கலாம். 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப்-இலும் இதே ஸ்பிரிங்தான். ஆனால் மெம்பிரேனுக்குப் பதில், சுத்தியல் அசையும்போது மாறும் மின்தேக்கத்தை வைத்து அழுத்தத்தை அறிகிறது.

சரி, நான் சறுக்கிய இடத்துக்கு வருவோம். தண்டைத் திரும்பச் செருகும்போது ஸ்பிரிங்கின் தலை அதன் அடியில் சரியாக உட்கார வேண்டும். கீபோர்டு மேசையில் படுத்துக் கிடந்தால் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். நான் அப்படியே மேலிருந்து குத்தினேன். வரவில்லை என்றதும் இன்னும் பலமாகக் குத்தினேன், அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது: ஸ்பேஸ் பார் உள்ள ஓரம் மேலே வரும்படி கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஸ்பிரிங்குகள் குழியின் நடுவுக்கு வந்துவிடும். தண்டை நேராகச் செருகி, உடனே ஒருமுறை அழுத்திக் காதால் சோதியுங்கள். பக்கத்துக் கீயின் சத்தமும் இதுவும் ஒன்றுபோல இருந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். மந்தமாக இருந்தால் வெளியே எடுத்து மறுபடி செருகுங்கள். எல்லாத் தண்டுகளையும் மாட்டி முடித்துவிட்டுக் கடைசியில் சோதிப்பவர்கள் என்னைப் போல இரண்டு மாலையை இழப்பார்கள்.

பின்சேர்க்கை: கீபோர்டைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளுகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். உள்ளிருக்கும் இரும்புத் தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகளின் தலைகளாக இருக்கலாம், வயதானால் உடைந்து விழும். வெளிப்பெட்டியைத் திறக்க 5.5 மி.மீ. நட் டிரைவர் வேண்டும். திருகு இருக்கும் குழி ஆழமானது, தடித்த சுவருள்ள டிரைவர் நுழையாது. திறந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். தகட்டைப் பிரித்தால் மிச்ச ரிவெட்டுகளும் போய்விடும், பிறகு துளையிட்டுச் சின்ன போல்ட்டுகள் போட வேண்டியதுதான்.

இன்னொருவர் 1987-இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் ஸ்பிரிங்கைத் தேடியிருக்கிறார். அதில் இருப்பது ஆல்ப்ஸ் நிறுவனத்தின் வேறு வகை ஸ்விட்சு. மூடியை எடுத்தாலும் ஸ்பிரிங் உள்ளேயே மறைந்திருக்கும். விரலுக்குத் தட்டுப்படும் அந்தத் தடையைத் தருவது ஒரு மெல்லிய உலோகத் தகடு. அங்கே என் காது வைத்தியம் பலிக்காது.