வெளியில் வரைய ஒரு மட்டைச் சட்டம்

உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்காகத் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போய் உட்காருவதைக் காண மனசு நிறைகிறது. ஆனால் கடல், கோட்டை மதில், ஆலமரம், மான்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கப் பார்த்து, எதுவுமே சரியாக வராமல் திரும்புகிறார்கள்.

இதற்கு ஒரு பழைய பிஸ்கட் பெட்டி மட்டை போதும். அதன் நடுவே 7 சென்ரிமீற்றருக்கு 9.9 சென்ரிமீற்றர் அளவில் ஒரு சாளரம் வெட்டுங்கள். ஏ3 தாளின் நீள அகல விகிதமும் இதுதான். அப்புறம் கறுப்புத் தையல் நூலை நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, சாளரத்தின் நடுவில் சந்திக்கும்படி இழுத்து ஒட்டிவிடுங்கள். தாளிலும் அதேபோல மெல்லிய பென்சில் கோடு இரண்டு.

ஒரு கண்ணை மூடிச் சட்டத்தினூடாகப் பாருங்கள். மானின் முதுகு குறுக்கு நூலுக்குக் கீழே எவ்வளவு தள்ளி நிற்கிறது? தாளிலும் அங்கேயே வையுங்கள். கை நீட்டும் தூரம் மட்டும் மாறக்கூடாது. மாறினால் அளவு முழுவதும் குழம்பிவிடும்.

காலையில் போனால் நிழல்களை முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுங்கள். வெயில் ஏற ஏற அவை இடம் மாறிவிடும். நீர்வர்ணம் என்றால் தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் டேப்பால் ஒட்டுங்கள், கடற்காற்று சும்மா விடாது. சட்டத்தினூடாகப் பார்த்து முதலில் வரைந்த சிறு மாதிரிகளையும் எறியாமல் திகதியிட்டுச் செயற்றிட்டக் கோவையில் சேர்த்துவிடுங்கள்.