மாதக் கடைசி பில்லும் மற்ற தவறுகளும்: புதிதாக ஜாப் ஆர்டர் பட்டறை தொடங்குபவர்களுக்கு

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் புதிதாக ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையின் (கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை) ஷட்டர் திறக்கிறது என்றால், உள்ளே பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சிஎன்சி லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் இருக்கும். ஓனர் ஏதாவது ஒரு கம்பெனியில் பல வருஷம் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ இருந்தவராக இருப்பார். தொழில் சுத்தமாகத் தெரியும். டிராயிங்கைப் பார்த்த உடனேயே எந்த டூல், எந்த ஸ்பீடு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்கள் ரெண்டு மூணு வருஷத்தில் மெஷினை விற்றுவிட்டு மறுபடி சம்பளத்துக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வேலை கிடைக்காமல் மூடியவர்களைவிட, வேலை இருந்தும் கையில் பணம் இல்லாமல் மூடியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எழுதுங்கள், வீட்டுச் செலவையும் பட்டறைச் செலவையும் கலக்காதீர்கள், சொன்ன தேதிக்கு டெலிவரி கொடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லாருக்கும் தெரியும். நானும் என் வயதொத்தவர்களும் விழுந்து எழுந்த சில இடங்கள் இருக்கின்றன. இப்போது வருகிற தம்பிகளும் அதே இடத்தில்தான் விழுகிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலையில் நேராக மெஷினுக்குப் போவது

ஆபரேட்டராக இருந்த பழக்கம் இது. வந்ததும் கூலன்ட் பார்த்து, மெஷினை ஆன் செய்து, முதல் பீஸை அளந்துவிட்டால்தான் மனசு நிற்கும். அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன் அரை மணி நேரம் டேபிளில் உட்காருங்கள். நேற்று வெளியே போன சரக்குக்கு பில் போயிற்றா, இன்று யாரிடமிருந்து பணம் வர வேண்டும், இன்று எது கிளம்ப வேண்டும் என்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஸ்பின்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் வரை இந்தக் கேள்விகள் ஞாபகத்துக்கு வராது. சாயங்காலம் ஞாபகம் வரும்போது பார்ட்டியின் (வேலை கொடுக்கும் கம்பெனியின்) அக்கவுண்ட்ஸில் ஆள் கிளம்பியிருப்பார்.

மாதக் கடைசியில் மொத்தமாக பில் போடுவது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆள் வந்து அதையே செய்கிறார்.

போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் டர்னிங் செய்கிறார். சனிக்கிழமை, சம்பள நாள். நாலு பேருக்கு வாரக் கூலி கொடுக்க யாரிடமோ கைமாற்று கேட்டுக்கொண்டிருந்தார். “வேலை இல்லையா தம்பி?” என்றேன். “வேலைக்கென்னங்கண்ணா, நைட் ஷிஃப்டும் ஓடுது. பேமென்ட்தான் வரல” என்றார். பில் எப்போது போட்டீர்கள் என்று கேட்டதும் சுவரைக் காட்டினார். ஒரு கம்பியில் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) காப்பிகள் குத்தப்பட்டிருந்தன. கார்பன் எழுத்து மங்கி, விளிம்பெல்லாம் ஆயில் ஏறி, சிலவற்றில் கேட் செக்யூரிட்டியின் இன்வார்டு சீல் (சரக்கு உள்ளே வந்ததற்கான முத்திரை) இருந்தது, சிலவற்றில் இல்லை. “மாசக் கடைசில எல்லாத்தையும் சேர்த்து ஒரே பில்லாப் போட்டுருவனுங்க. அவிங்களுக்கும் ஈஸி, நமக்கும் ஈஸி.”

அவர்களுக்கு ஈஸி என்பது உண்மை. நமக்கு என்ன ஆகிறது என்பதைத் தேதி போட்டுப் பாருங்கள். அந்த பார்ட்டி பில் தேதியிலிருந்து 45 நாளில் பணம் தருகிறது. பேமென்ட் போடுவது மாதம் 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் மட்டும். ஜூன் 3-ஆம் தேதி சரக்கு போகிறது. அன்றே பில் போட்டால் 45 நாள் ஜூலை 18-இல் முடியும், ஜூலை 25-ஆம் தேதி பணம் வரும். ஜூன் 30-இல் பில் போட்டால் 45 நாள் ஆகஸ்ட் 14-இல் முடியும், பணம் ஆகஸ்ட் 25-ஆம் தேதிதான் வரும். சரக்கும் அதே, ரேட்டும் அதே, பணம் மட்டும் ஒரு மாதம் பின்னால் போகிறது. யாரும் ஏமாற்றவில்லை. நாமாகவே தூக்கிக் கொடுத்தது.

எல்லா லோடும் 3-ஆம் தேதியே போவதில்லை, சரி. மாதம் முழுக்கச் சீராக வேலை போகிறது என்றால் சராசரியாக 15 நாள் தாமதம் என்று வையுங்கள். மாதம் 4 லட்சத்துக்கு வேலை செய்கிற பட்டறையில் அது 2 லட்சம் ரூபாய். அந்த 2 லட்சம் எப்போதும் வெளியிலேயே நிற்கும். ஓடியில் (வங்கி ஓவர்டிராஃப்டில்) 12 சதவீத வட்டிக்கு எடுத்து ஈடுகட்டினால் வருஷத்துக்கு 24,000. ஓடி இல்லாத சின்னப் பட்டறைக்காரர் நகையை வைப்பார், கந்துவட்டிக்குப் போவார். அங்கே கணக்கே வேறு.

“பில் போட்டால் ஜிஎஸ்டி கட்டணுமே, பணம் வராமல் எப்படிக் கட்டுவது?” என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். இந்த பதில்தான் எனக்கு அதிக எரிச்சல். ஜூன் 3-ஆம் தேதி பில்லாக இருந்தாலும் ஜூன் 30-ஆம் தேதி பில்லாக இருந்தாலும், மாதாமாதம் 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடுபவருக்கு வரி கட்ட வேண்டிய தேதி ஜூலை 20 தான். முன்னால் பில் போட்டதால் ஒரு ரூபாய்கூட முன்னால் கட்டப் போவதில்லை. இன்னொரு சமாதானமும் வரும்: ஜாப் ஒர்க் சேவை கணக்கில் வருகிறது, வேலை முடிந்து 30 நாளுக்குள் பில் போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறதே என்பார்கள். சட்டப்படி தப்பில்லைதான். அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

பணத்தோடு முடிவதில்லை இது. டிசியில் 500 பீஸ் போட்டு அனுப்பியிருப்போம். அங்கே ஸ்டோரில் 488 என்று ஏற்றியிருப்பார்கள். மறுநாளே பில் போனால் வித்தியாசம் மறுநாளே தெரியும். பெட்டி அங்கேயே இருக்கும், போய் எண்ணிவிடலாம். மாதக் கடைசியில் பில் போனால் அந்த ஷாஃப்டுகள் அசெம்பிளியாகி, பம்பாகி, வண்டி ஏறிப் போயிருக்கும். எதை எண்ணுவது? அந்தத் தம்பிக்கும் அதுதான் நடந்தது. சீல் இல்லாத டிசிகளில் இருந்த அளவை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பர்சேஸில் இருந்தவர் மாறியிருந்தார், புதியவருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் அவர்கள் எண்ணிக்கைக்கே பில் போட்டு வாங்கிக்கொண்டார்.

சட்டம் நம் பக்கம் இருந்தும் பயன்படாமல் போவதும் இதனால்தான். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். சட்டம் பார்ப்பது சரக்கு போய்ச் சேர்ந்த நாளை. அந்த நாளுக்கு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த இன்வார்டு சீல். டிரைவர் அவசரத்தில் சீல் வாங்காமல் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுகளுக்குக் கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், வாங்கியவர் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸில் கெடு தாண்டிய பில்களை எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது பில் தேதி. பிப்ரவரி 10-இல் போட்ட பில்லுக்கு 45 நாள் மார்ச் 27-இல் முடிகிறது, பட்டியலில் ஏறிவிடும். அதே வேலைக்கு பிப்ரவரி 28-இல் பில் போட்டால் ஏப்ரல் 14 வரை அவர்களுக்கு அவசரமே இல்லை.

இதற்கெல்லாம் உதயம் பதிவு (குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு) வேண்டும். ஆதார் வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு பதிந்து பழைய பில்லுக்குக் கேட்டால் வழக்கில் நிற்பது கஷ்டம். பதிவு எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். அதற்கும் மசியாத பார்ட்டி என்றால் எம்எஸ்எம்இ துறையின் ஆன்லைன் தளத்தில் மனு போடலாம், அதை விசாரிக்கிற வசதி மன்றம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், அதை எதிர்த்துப் போகிறவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். ஆனால் மன்றம் வரை போன பிறகு அந்த பார்ட்டியிடம் அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

அந்தத் தம்பி இப்போது டிசியோடு பில்லும் சேர்த்தே அனுப்புகிறார். தினமும் பில் வாங்க மாட்டோம் என்று பார்ட்டி சொன்னால் வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை என்று பேசுங்கள். அதற்கு மேல் இறங்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற திட்டத்தில் இருந்தால் இன்னொரு விஷயம். பில் விவரத்தை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் (ஜிஎஸ்டி தளத்தில் பில் விவரம் ஏற்றும் வசதி) வழியாக ஏற்றச் சொல்லி ஆடிட்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பார்ட்டிக்கு 2பி-யில் (வாங்குபவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலில்) அந்த வரிக்கான கிரெடிட் தெரியாது. தெரியும்வரை வரித் தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

செட்டிங் நேரத்தை விட்டுவிட்டு ரேட் சொல்வது

சைக்கிள் டைம் (ஒரு பீஸ் ஓடும் நேரம்) 3 நிமிஷம், மெஷின் ஹவர் ரேட் 400, ஆக பீஸுக்கு 20 ரூபாய் என்று சொல்லி ஆர்டர் எடுக்கிறார்கள். வருவது 50 பீஸ். பீஸைப் பிடிக்கும் ஜா மாற்றி, டூல் ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) போட்டு, முதல் பீஸ் அப்ரூவல் வாங்க 2 மணி நேரம் போகிறது. ஓடுகிற நேரம் 150 நிமிஷம், செட்டிங் 120 நிமிஷம், மொத்தம் 270. பீஸுக்கு 5.4 நிமிஷம், 36 ரூபாய் வர வேண்டிய வேலை. அதே பீஸ் 500 வந்தால் 21 ரூபாய் 60 காசுதான் ஆகும். அதனால் அளவுக்கு ஏற்ப ரெண்டு ரேட்டாகக் கொடுங்கள், அல்லது செட்டிங் சார்ஜைத் தனி வரியாகப் போடுங்கள். பார்ட்டி பேரம் பேசுவார், பேசட்டும். தனி வரியாக இருந்தால்தான் எதில் குறைக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த 400-க்குள் என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கரண்ட் பில்லில் பிக்சட் சார்ஜ் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். நீங்கள் நிற்கிற நேரத்துக்கு உங்கள் கூலி இருக்கிறதா? வேறு பட்டறையில் அதே மெஷினில் நின்றால் என்ன சம்பளம் தருவார்களோ அதையாவது சேருங்கள்.

ஒரே பார்ட்டியை நம்பி இருப்பது

பாதி வேலைக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், உங்கள் ரேட்டை முடிவு செய்பவர் அவர்தான்.

மானியம் வருகிறது என்று மெஷின் வாங்குவது

ஆர்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிஎம்இஜிபி மாதிரியான மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டங்களில் மானியப் பணம் கைக்கு வராது. மூன்று வருஷம் வங்கியிலேயே உங்கள் கடன் பேரில் டெபாசிட்டாகக் கிடக்கும். தவணை அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

ரீவொர்க்கை வாய் வார்த்தையில் ஒத்துக்கொள்வது

போனில் “ஒரு நூறு பீஸ் ஓவர்சைஸுங்க, எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொடுங்க” என்பார்கள். போய் எந்த கேஜில் பார்த்தார்கள் என்று பாருங்கள். தப்பு நம்முடையதானால் மறுபேச்சில்லாமல் எடுத்து வாருங்கள். காஸ்டிங்கில் (வார்ப்பில்) புளோ ஹோல் (காற்றுத் துளை) இருந்தால் அது ஃபவுண்டரி சமாச்சாரம். மெட்டீரியல் ரிஜெக்ஷன் என்று எழுதி, அதுவரை செய்த மெஷினிங்குக்குக் காசு கேளுங்கள். எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து டெபிட் நோட்டாக (நம் பணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டாக) வரும்.

ரிட்டர்ன் ஆன செக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பது

“அடுத்த வாரம் மறுபடி போடுங்க” என்று சொல்வார்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி போடலாம்தான். ஆனால் பணமில்லை என்று வங்கி மெமோ வந்த தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். மெமோவை வாங்கிய அன்றே அதன் மேல் தேதி எழுதி வையுங்கள், இருபதாம் நாள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். பார்ட்டி நல்லவர், பல வருஷப் பழக்கம் என்றால் போன் செய்து சொல்லிவிட்டே நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர், நோட்டீஸ் அனுப்பாமல் இருந்தாலும் பணம் கொடுத்திருக்க மாட்டார்.