பைரேட்ஸ்: வாளுக்கு முன்னால் காற்றைப் பழகுங்கள்

1987-இல் சிட் மையர் உருவாக்கி, கமடோர் 64 கணினிக்காக மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'பைரேட்ஸ்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டை நான் இன்னும் ஆடுகிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் எப்போதும் இருக்கும். எங்கே போவது, யாரைத் தாக்குவது, எப்போது ஓய்வு பெறுவது எல்லாமே நம் கையில். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடலில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது காலம், நாடு, திறமை என்று தேர்வு செய்ய வேண்டும். 1660-ஆம் ஆண்டு, ஆங்கிலேயர், திறமைக்கு வாட்போர். இதில் தொடங்குங்கள். ஆரம்பத்தில் ஸ்பானியப் புதையல் கப்பல்கள் எந்த ஊருக்கு எப்போது வரும் என்று ஒரு கேள்வி வரும். விடை கையேட்டில் இருக்கிறது. அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடாதீர்கள், பின்னால் அந்தக் கப்பல்களைத் தேடிப் போகவும் அதுதான் உதவும்.

இனி காற்று. ஆட்டம் நடக்கும் கரீபியன் கடலில் பெரும்பாலும் கொண்டல்தான், அதாவது கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று. மேற்கே போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. ஒருமுறை 250 பேரைச் சேர்த்துக்கொண்டு, கேலியன் என்ற பெரிய கப்பலில் கார்டஹெனாவிலிருந்து கிழக்கே பார்படாஸுக்குக் கிளம்பினேன். பாதி வழியிலேயே உணவு தீர்ந்தது, ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து என் தலைமைக் கப்பல் ஸ்லூப் என்ற சிறிய கப்பல்தான். எதிர்க்காற்றில் பெரிய கப்பல்களைவிட நன்றாக ஓடும், பவளத்திட்டுகள் மேலேயும் தைரியமாகப் போகலாம்.

இடம் தெரிய சூரியனைப் பாருங்கள். அது உச்சிக்கு ஏறும்வரை ஜாய்ஸ்டிக்கால் அஸ்ட்ரோலேபை, அதாவது சூரியனின் உயரத்தை அளக்கும் கருவியை, அதன் கீழேயே நகர்த்தி வாருங்கள். நண்பகலில் அதன் முனை சூரியனைத் தொடும்போது காட்டும் எண்தான் உங்கள் அட்சரேகை. ஹவானா 23, போர்ட் ராயல் 18, பார்படாஸ் 13, கார்டஹெனா 10 என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அது சொல்லாது. அதனால் முதலில் ஊருக்குக் கிழக்கே, அதன் அட்சரேகைக்கு வாருங்கள், பிறகு அதே கோட்டில் நேராக மேற்கே போங்கள். அந்தக் கால மாலுமிகளும் இப்படித்தான் போனார்கள். கரை கண்ணில் படும் அந்த நொடிக்காகவே நான் இதை ஆடுகிறேன்.

சண்டையில் காற்று வரும் பக்கத்தைப் பிடியுங்கள். பீரங்கிகள் கப்பலின் பக்கவாட்டில்தான் சுடும், அதனால் பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுச் சுடுங்கள். ஆட்களை அளவாக வைத்திருங்கள்: ஆளுக்கு எவ்வளவு தங்கம் என்பதை வைத்தே அவர்கள் மனநிலை மாறும், பயணம் நீண்டாலும் கெடும்.

அவர்கள் பொறுமை இழப்பதற்குள் ஒரு ஊரில் கொள்ளையைப் பங்கு பிரித்துவிடுங்கள். ஆட்டத்தின் மிக எளிய நிலையில் தலைவனுக்கு 5 சதவீதம், மிகக் கடினமான நிலையில் 50. பிரித்த பின் தலைமைக் கப்பல் மட்டுமே மிஞ்சும். எனவே பிடித்த கப்பல்கள், சரக்கு எல்லாவற்றையும் முதலில் விற்றுவிடுங்கள். அப்புறம் பங்கு.