லாசாவின் திபெத் அருங்காட்சியகம்: வெளிநாட்டுப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாசா போகிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பொத்தாலா அரண்மனை, ஜொக்காங் கோயில், செரா மடத்துத் துறவிகளின் தர்க்கம் என்று வரிசையாக இருக்கும். நோர்புலிங்கா அரண்மனைத் தோட்டத்துக்கு அருகிலேயே நிற்கும் திபெத் அருங்காட்சியகம் பெரும்பாலும் அதில் இருக்காது. இருந்தாலும் கடைசி நாள் மாலை, கடைத்தெருவுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் என்று ஒட்டுப்போட்டிருப்பார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. சீன அரசு நடத்தும் இந்த அருங்காட்சியகம் 1999 அக்டோபரில் திறக்கப்பட்டது. பிறகு விரிவாக்கத்துக்காகப் பல ஆண்டுகள் மூடப்பட்டு, 2022 ஜூலையில் மீண்டும் திறந்தது. ஒரு மணி நேரத்தில் கால் வலிதான் மிஞ்சும். அரை நாள் ஒதுக்குங்கள். அதையும் பொத்தாலாவுக்கு முன்பே ஒதுக்குங்கள். பொத்தாலாவில் மங்கிய வெளிச்சத்தில், வரிசையில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். எந்தச் சிலை யாருடையது என்று நின்று கேட்க அவகாசம் கிடைக்காது. இங்கே நல்ல வெளிச்சம் உண்டு, விளக்கப் பலகைகள் உண்டு, அவசரப்படுத்த ஆள் இல்லை.

அதற்காக விமானத்தை விட்டு இறங்கிய அன்றே ஓட வேண்டாம். "மலையா ஏறப் போகிறோம், கட்டடத்துக்குள் நடக்கத்தானே போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் பாதியிலேயே பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். லாசாவின் உயரம் சுமார் 3,650 மீட்டர். கொடைக்கானலைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் நாள் அறையில் ஓய்வு, நிறையத் தண்ணீர். அருங்காட்சியகம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இருக்கட்டும். கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. லாசா ஏறக்குறைய நம் கௌஹாத்தியின் தீர்க்கரேகையில் இருக்கிறது; ஆனால் கடிகாரம் பெய்ஜிங் நேரத்தில் ஓடுகிறது. குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும்.

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வழக்கமான துணிச்சல் திபெத்தில் செல்லாது. 2008-க்குப் பிறகு வெளிநாட்டவர் அங்கே தனியாகச் சுற்ற முடியாது. சீன விசாவுக்கு மேல் திபெத் பயண அனுமதி வேண்டும். அதைப் பதிவுபெற்ற பயண நிறுவனம்தான் வாங்கித் தர முடியும். கூடவே வழிகாட்டியும் வர வேண்டும். எந்த நாளில் எங்கே என்ற பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடுவதால், நிறுவனத்தோடு பேசும் முதல் வாரத்திலேயே அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். நுழைவு இலவசம், ஆனால் பாஸ்போர்ட் விவரத்துடன் முன்பதிவு கேட்பார்கள் என்பதால் அந்த வேலையையும் அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. சீனாவின் பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களைப் போல இதற்கும் திங்கட்கிழமை விடுமுறை. மார்ச் மாதத்தில் வெளிநாட்டவருக்கு வழக்கமாக அனுமதியே தருவதில்லை. சீன ஆட்சிக்கு எதிராக 1959-லும் 2008-லும் நடந்த இரண்டு எழுச்சிகளின் நினைவு நாள்களும் அந்த மாதத்தில்தான் வருகின்றன.

பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். தலாய் லாமாவின் படம், அவர் எழுதிய புத்தகம், திபெத்தின் பழைய சிங்கக் கொடி ஆகியவற்றுக்கு அங்கே தடை. நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. குடகுச் சுற்றுலாவில், திபெத்தியர் வாழும் பைலகுப்பேயின் பொற்கோயிலுக்குப் போய் வந்தவர் வீட்டில் தலாய் லாமா படம் போட்ட சாவிக்கொத்து ஒன்றாவது இருக்கும். கைபேசியின் முகப்புப் படத்தையும் மறந்துவிடக் கூடாது.

இனி உள்ளே போவோம். பலரும் செய்யும் பெரிய தவறு, பொருளையும் அதன் கீழே இருக்கும் பலகையையும் ஒன்றாக நினைத்துவிடுவது. பொருள் நூற்றாண்டுகள் பழையது. பலகை இன்றைய அரசு எழுதியது.

அங்குள்ள தங்கக் கலசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்குச் சற்று மேல் உயரம், பூஜைக் கும்பத்தின் சாயல், மேலே மூடி. அதனுடன் குலுக்கலுக்கான தந்தச் சீட்டுகள். நேபாளக் கூர்க்காக்களுடன் நடந்த போர் முடிந்ததும், சீனாவின் சிங் வம்சப் பேரரசர் சியான்லோங் 1793-இல் இதை அனுப்பினார். இறந்த லாமாவின் மறுபிறவி என்று கருதப்படும் குழந்தைகளின் பெயர்களை மஞ்சு, சீனம், திபெத்தியம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதி உள்ளே போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது ஆணை. இதன் இணைக் கலசம் பெய்ஜிங்கின் யோங்ஹெகோங் கோயிலுக்குப் போனது. மறுபிறவியைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் மத்திய அரசிடமே என்பதற்கு இந்தக் கலசத்தைத்தான் சான்றாகக் காட்டுகிறது பெய்ஜிங். 9, 13, 14-ஆம் தலாய் லாமாக்கள் குலுக்கல் இல்லாமலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அது சீன அரசு கொடுத்த விலக்கு என்று ஒரு தரப்பு சொல்கிறது. திபெத்தியர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று மறுதரப்பு சொல்கிறது. 1995 மே மாதம் தலாய் லாமா ஒரு சிறுவனை, தமக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் பஞ்சென் லாமாவாக அறிவித்தார். அந்தச் சிறுவன் சீன அதிகாரிகளின் காவலுக்குள் போனான். அதன் பிறகு வெளியுலகம் அவனைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜொக்காங் கோயிலில் தங்கக் கலசக் குலுக்கல் நடத்தி வேறொரு சிறுவனை அரசு அமர்த்தியது. 2025 ஜூலையில், 90-ஆவது பிறந்தநாளை ஒட்டி, அடுத்த தலாய் லாமாவை அடையாளம் காணும் உரிமை தம்முடைய காதென் போதராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு என்று தலாய் லாமா அறிவித்தபோது, பெய்ஜிங் பதிலுக்கு எடுத்துக் காட்டியதும் இந்தக் கலசத்தைத்தான். இவ்வளவும் தெரியாமல் போகிறவர், "அழகான செம்பு" என்று ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பேரரசர்கள் லாமாக்களுக்கு அளித்த முத்திரைகளையும் பட்டங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அரசின் பார்வையில் அவை மேலாண்மைக்கு அடையாளம். திபெத்திய மரபு அதே உறவைக் குருவுக்கும் அவரை ஆதரிக்கும் புரவலனுக்கும் உள்ள பந்தம் என்கிறது. திபெத்திய பௌத்தத்தின் ஒரு பிரிவுத் தலைவரான ஐந்தாம் கர்மாபா 1407-இல் நான்ஜிங்கில் மிங் பேரரசரின் பெற்றோருக்காக நடத்திய சடங்கைச் சித்திரிக்கும் நீண்ட ஓவியச் சுருள் இந்த அருங்காட்சியகத்தின் உடைமை. அதில் எழுத்து ஐந்து மொழிகளில் இருக்கிறது. அதை, குருவை வணங்க அழைத்த பேரரசனின் பக்தி என்றும் படிக்கலாம், அழைக்கும் தகுதி பெற்ற பேரரசனின் அதிகாரம் என்றும் படிக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் வெறும் பிரசாரம், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அறிவாளித்தனம் போலத் தோன்றும் சோம்பல் அது. சாம்தோ அருகே கரூவ் என்ற புதிய கற்கால ஊரில் கிடைத்த மண்பாண்டம் ஒன்று இங்கே இருக்கிறது: இரண்டு உடல், ஒரே வாய். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேட்டு நிலத்தில் வீடு கட்டி, தினை விதைத்து வாழ்ந்தவர்களின் கைவேலை. அதை எந்த அரசும் தன் பக்கம் இழுத்துவிட முடியாது.

தமிழர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் வடமொழி ஓலைச்சுவடிகள். பனை முளைக்காத நாட்டில் பனையோலை! இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் துறவிகள் சுமந்து போனவை. நம் ஊர் ஈரத்திலும் பூச்சியிலும் ஓலை சில தலைமுறை தாங்கினாலே அதிகம். திரும்பத் திரும்பப் படியெடுத்துத்தான் நூல்களைக் காப்பாற்றினோம். அங்கேயோ குளிரும் வறட்சியும் மூல ஓலையையே காத்துவிட்டன. இந்தியாவில் தொலைந்துபோன பௌத்தத் தர்க்க நூல்களைத் தேடி ராகுல் சாங்கிருத்தியாயன் 1929-க்கும் 1938-க்கும் இடையே நான்கு முறை திபெத் போனது இதனால்தான். காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் வடமொழி அணி நூல் 13-ஆம் நூற்றாண்டிலேயே திபெத்தியத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அங்கே கவிஞர்களுக்குப் பாடநூலானது. அதே நூலைத் தழுவித்தான் நம் தண்டியலங்காரமும் பிறந்தது.

மற்ற தவறுகளெல்லாம் உங்கள் நேரத்தையோ பணத்தையோதான் கெடுக்கும். வழிகாட்டியை வம்புக்கு இழுப்பது அவருடைய பிழைப்பைக் கெடுக்கும். "உண்மையைச் சொல்லுங்கள், இங்கே சுதந்திரம் இருக்கிறதா?" என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்கிற பயணி மறு வாரம் விமானம் ஏறிவிடுவார்; உரிமத்தை நம்பி வாழ்கிறவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். காமிராவும் கேட்கும் காதும் இல்லாத இடம் என்று எதையும் அங்கே நினைத்துவிடக் கூடாது. காரில் கேட்டாலும் கதை இதேதான். துணியில் தீட்டும் தங்கா ஓவியத்தின் நீலத்தை எந்தக் கல்லிலிருந்து அரைக்கிறார்கள், இந்த இசைக்கருவியை எந்தத் திருவிழாவில் ஊதுவார்கள் என்று கேளுங்கள். மனிதர் மலர்ந்து பேசுவார். அவர் தானாக எதன் முன் அதிக நேரம் நிற்கிறார், எதைப் பேசாமல் கடக்கிறார் என்று கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஊர் திரும்பிய பிறகு அவர் முகத்தையும் பேச்சையும் இணையத்தில் போடுவது இன்னும் மோசம்.

உள்ளூர்க்காரர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் புத்தர் புத்தர்தான். கையில் மணிமாலையோடு வரும் முதியவர்கள் சிலைக்கு முன் தலை தாழ்த்துவார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். சிலையை ஒற்றை விரலால் சுட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெளியே நிற்கும் காவலர்களையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்கவே வேண்டாம்.

லாசாவைப் பார்த்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். திபெத் அருங்காட்சியகம் என்ற அதே பெயரில் இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் இன்னொன்று இருக்கிறது. 2000-இல் தொடங்கி, 2022-இல் புதிய இடத்துக்கு மாறிய அதை நடத்துவது புலம்பெயர்ந்த திபெத்திய நிர்வாகம். லாசாவில் விடுதலை என்று எழுதப்படும் ஆண்டுகள் அங்கே ஆக்கிரமிப்பு ஆகின்றன. அதற்கும் ஒரு தரப்பு உண்டு. அங்கேயும் பலகையைப் பலகையாகத்தான் படிக்க வேண்டும். இரண்டையும் பார்க்க எண்ணுகிறவர்கள் லாசாவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். தரம்சாலாவில் வாங்கிய புத்தகமும் துண்டறிக்கையும் பையின் அடியில் கிடக்க, அதே பையோடு லாசா விமான நிலையத்தில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல.