புயலில் ஷீட் கூரை நிற்குமா? ஸ்க்ரூ வரை கணக்கு போடும் முறை

அரை மி.மீ. ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. புயல் அதை மேலே இழுப்பதோ 400 கிலோவையும் தாண்டலாம். பிடித்து நிற்பது ஸ்க்ரூதான். தூணுக்கும் டிரஸ்ஸுக்கும் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) பக்கம் பக்கமாகக் கணக்கு போட்டுவிட்டு, ஸ்க்ரூவை ஃபிட்டர் கையில் விட்டுவிடுவது சரியல்ல.

சென்னையில் 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், 10 டிகிரி சரிவுள்ள ஒரு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பகுதி 3 (2015) சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், கோவைக்கு 39தான். இதை நான்கு காரணிகளால் பெருக்க வேண்டும். ஆயுள் 50 ஆண்டு, சுற்றிலும் திறந்தவெளி, சமதரை என்றால் முதல் மூன்றும் 1. நான்காவது புயல் காரணி: கிழக்குக் கரையோரம் 60 கி.மீ. பட்டைக்குள் தொழிற்கூடங்களுக்கு 1.15. பழைய 1987 பதிப்புக் கணக்குத்தாளை அப்படியே எடுத்தாள்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வேகம் 57.5 ஆகிறது. அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் காற்றழுத்தம், சதுர மீட்டருக்கு 1,984 நியூட்டன். இந்த அழுத்தத்தைக் காற்றின் திசைக்காகப் பெருக்கும் திசைக் காரணி புயல் பகுதியில் 1, அதை 0.9 என்று போட்டுக் குறைக்கக் கூடாது.

கூரை ஓரத்து 3 மீட்டர் பட்டையில் (அகலத்தில் 0.15 பங்கு) வெளி இழுப்புக் கெழு (காற்றழுத்தத்தைப் பெருக்க வேண்டிய எண்) 1.4 என்று கொள்வோம். எல்லாம் மூடியிருந்தால் உள்ளிருந்து தள்ளுவது 0.2, மொத்தம் 1.6. பர்லின் (ஷீட்டை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) 1.4 மீட்டருக்கு ஒன்று, ஸ்க்ரூ 30 செ.மீ.க்கு ஒன்று என்றால் ஒரு ஸ்க்ரூவின் பங்கு 0.42 சதுர மீட்டர். மூன்றையும் பெருக்கினால் (1,984 × 1.6 × 0.42) இழுப்பு 1,333 நியூட்டன்.

பெரிய ரோலிங் ஷட்டர் காற்றில் வயிறு தள்ளி, சேனலை விட்டுக் கழன்றால் கதையே வேறு. திறப்பு சுவர்ப்பரப்பில் 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்தள்ளல் 0.7. மொத்தம் 2.1, அதே ஸ்க்ரூவுக்கு 1,750 நியூட்டன், ஏறக்குறைய 178 கிலோ. ஷட்டர் தாங்கும் என்பதற்கு எழுத்தில் உறுதி இல்லாவிட்டால் இந்த எண்ணையே எடுங்கள். ஓரப் பட்டையில் மட்டும் ஸ்க்ரூ இடைவெளியை 15 செ.மீ. ஆக்கினால் சுமை பாதியாகும். ஸ்க்ரூ பர்லினிலிருந்து பிடுங்கிக்கொள்வது, ஷீட் கிழிந்து தலைவழியே கழன்றுபோவது, இரண்டுக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சோதனை போதாது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் தாக்கியபோது, மணிக்கணக்கில் விட்டுவிட்டு இழுத்த காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட் விரிசல்விட்டுத்தான் கூரைகள் பறந்தன. பழைய கூரை என்றால் மூலையிலும் முகட்டோரத்திலும் சில ஸ்க்ரூக்களைக் கழற்றி, வாஷர் மூடியிருந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஷீட்டையே மாற்ற வேண்டும். கூடுதல் ஸ்க்ரூ அடித்துப் பயனில்லை.