தண்ணீருக்குள் போன ராடு: தேடும்போது செய்யக்கூடாதவை

முட்டுக்காடு முகத்துவாரத்தில் ஒரு மாலை, தூண்டில் ராடைக் கல்லிடுக்கில் சாய்த்துவிட்டு இரை எடுக்கக் குனிந்தேன். சரசரவென்று ஒரு சத்தம். நிமிர்வதற்குள் ராடும், தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் ரீலும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. இழுத்த வேகத்தைப் பார்த்தால் கொடுவா மீனாகத்தான் இருக்கும். அன்று ராடு திரும்பக் கிடைத்ததற்கு, பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த, அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத இரண்டு பேர்தான் காரணம். என்னை மட்டும் விட்டிருந்தால் ராடோடு இன்னும் எதையாவது இழந்திருப்பேன்.

ஏனென்றால் நான் குதிக்கப் போனேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மழைக்காலத்துக்குப் பிறகு முகம் திறந்திருக்கும்போது, மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, அடியில் கடலை நோக்கி இழுக்கும். கல்லெல்லாம் ஆளி ஓடு, கால் பட்டால் பிளேடு மாதிரி கிழிக்கும். போதாததற்குத் தூண்டில் முள்ளோடு ஒரு நரம்பு (தூண்டில் நூல்) உள்ளே அலைந்துகொண்டிருக்கிறது. "தம்பி, இறங்காதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று பக்கத்திலிருந்த அண்ணன் போட்ட சத்தத்தில்தான் நின்றேன்.

'அங்கேயே நில்லுங்க' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பதற்றத்தில் நாலடி அங்கே, நாலடி இங்கே நகர்ந்தால் ராடு விழுந்த இடம் நினைவிலிருந்து அழிந்துவிடும். தண்ணீரில் அடையாளம் கிடையாது, கரையில்தான் உண்டு. குமரிக் கரை மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பார் என்னும் பாறைத்திட்டைக் கணிச்சம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை வைத்து, கண்டுபிடிப்பார்கள். கோபுரமும் மலையும் போல இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடியும் அப்படியே வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். நமக்கும் அதே முறை போதும். நீங்கள் ராடு போன திசைக்கு நேரே எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ பாலத்தூணையோ பிடித்துக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளி நின்ற நண்பரை அவர் பார்த்த கோட்டைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேர் கண் இருந்தால்தான் இடம் உறுதியாகும்.

அடுத்த தவறு, ராடைத் தேடுவது. தேட வேண்டியது நரம்பை. கார்பன் ராடு மிதக்காது, ஏழெட்டு அடிக் குச்சியாக அடியில் படுத்துவிடும். அதிலிருந்து போகும் நரம்போ பல மீட்டருக்கு நீண்டு கிடக்கும். கனமான ஈயத்தை அடியில் கட்டி, அதற்குச் சற்று மேலே மூன்று முள் கொண்ட கொக்கியைப் போட்டு, விழுந்த இடத்தைத் தாண்டி வீச வேண்டும். நரம்பு கிடக்கும் திசைக்குக் குறுக்காக மெதுவாக இழுக்க வேண்டும். நைலான் நரம்பு மெல்ல அமிழும், அதற்குத் தரையோடு தேய்த்து இழுக்கணும். பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு தண்ணீரை விட இலேசு, தளர்ந்தால் மேலே எழும்பும், அதனால் கொஞ்சம் உயர்த்தி இழுத்துப் பார்க்கலாம். உதவ வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீசினால் நாலு நரம்பும் முடிச்சாகிவிடும். ஒருவர் வீசட்டும், மற்றவர்கள் சுருட்டிவிட்டுப் பார்க்கட்டும்.

எங்களுக்கு ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் மாட்டியது. மாட்டியதும் ஆர்வத்தில் நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். பிரெய்டு சதையை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றுங்கள், அல்லது துணியால் பிடியுங்கள். இழுக்க இழுக்க நரம்பு வந்துகொண்டே இருக்கும், ராடு வராது. ரீலின் டிராக் (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடிப்பு) தளர்வாக இருந்தால் அப்படித்தான். இங்கே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் காலியாகும்வரை இழுங்கள். கடைசி முடிச்சு தாங்கினால் ராடு பின்னாலேயே வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. மீன் எப்போதோ முள்ளை விட்டுப் போயிருந்தது.

ஆக, ஸ்பூலில் போடும் அந்த முதல் முடிச்சை அலட்சியமாகப் போடக்கூடாது. பிரெய்டை வழவழப்பான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் வழுக்கும். முதலில் சில மீட்டர் நைலான் சுற்றி, அதோடு பிரெய்டை இணையுங்கள். ராடைக் கீழே வைக்கும்போது டிராக்கைத் தளர்த்துவதும், அடிப்பிடியில் ஒரு கயிறு கட்டிக் கல்லில் பிணைப்பதும் அரை நிமிட வேலை.

நீரோட்டம் பலமாக இருந்தால் உடனே தேடி அலுத்துப்போக வேண்டாம். ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவெளியில் தண்ணீர் சற்று நேரம் நிற்கும், அப்போது தேடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம்.

கல்லில் முள் சிக்கினாலும் இதே போல்தான். நின்ற இடத்திலிருந்தே வெட்டி வெட்டி இழுத்தால் ராடு முனைதான் முறியும். போன வழியே திரும்பினால்தான் முள் கழலும், அதனால் கல்லின் மறுபக்கம் நிற்பவரிடம் நரம்பைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். முள்ளுக்கு முன்னால் கட்டும் நரம்பு, ரீல் நரம்பை விடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்கட்டும். அறுந்தால் முள்ளோடு போகும். ஐம்பது மீட்டர் நைலான் அடியில் கிடந்து ஆமையையும் பறவையையும் சுற்றாது.

வேறொருவர் தொலைத்த ராடு உங்கள் கொக்கியில் வந்தால் அந்தக் கரையில் நாலு பேரிடம் விசாரியுங்கள், பக்கத்துத் தூண்டில் கடையில் சொல்லி வையுங்கள். உங்கள் ராடின் அடியிலும் போன் நம்பரை எழுதி, மேலே டேப் ஒட்டி வையுங்கள்.

அப்புறம், உப்புத் தண்ணீரில் மூழ்கிய ரீலைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். அன்றிரவே நல்ல தண்ணீரில் ஊற வைத்து, பிரித்துக் காய வைத்து, எண்ணெயும் கிரீஸும் போட வேண்டும். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பேரிங் இரண்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது.